புல்லுக்குள் பெரியம்மா

நூறு பேரை ஒரு விமானத்தில் ஏற்றி, ஒரு தீவில் குதிக்கவிட்டு, கடைசிவரை யார் உயிரோடு இருக்கிறாரோ அவர்தான் ஜெயித்தவர் என்று ஒரு விளையாட்டு வைத்தால், அந்தக் கடைசி ஆள் நானாக இருக்க முடியாது. இது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடையில் நான் நின்றால் எனக்கு முன்னால் நிற்பவரோடு பாமாயில் தீர்ந்துவிடும். பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருக்கிறதே என்று ஓடிப்போய் உட்கார்ந்தால் அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி இருக்காது, அன்றைக்கு மழையும் வரும். கல்யாணப் பந்தியில் மூன்றாவது வரிசைக்கு நகர்ந்து நகர்ந்து நான் இடம் பிடிக்கும்போது பாயசம் ரசம் மாதிரி ஆகியிருக்கும். இந்த லட்சணத்தில் நான் போனில் பிஜிஎம்ஐ என்று அப்படியே ஒரு விளையாட்டை ஆடுகிறேன். சிரிக்காதீர்கள், பிளாட்டினம் ரேங்கில் இருக்கிறேன்.

விளையாட்டு ஆசையில் ஆரம்பித்தது இல்லை இது. பையன் புனேயில் வேலை பார்க்கிறான். போன் பண்ணினால் எடுக்க மாட்டான். ‘மீட்டிங்ல இருக்கேம்மா’ என்று ஒரு வரி வரும். ராத்திரி பத்தரைக்கு என்னடா மீட்டிங் என்று கேட்டால் அதற்கு ஒரு கட்டை விரல் வரும். ஒருநாள் என் தங்கை பிள்ளை, பத்தாவது படிக்கிறவன், போகிற போக்கில் போட்டுக்கொடுத்தான். “அண்ணன் தினம் ராத்திரி கேம்லதான் பெரியம்மா இருக்கான். நீங்க அங்க வந்தீங்கன்னா பேசலாம்.” அவனே என் போனில் ஏற்றி, ஒரு பெயர் வைத்து, பையனுக்கு அழைப்பும் அனுப்பினான். பெற்றவள் போனை எடுக்காதவன், ஸ்குவாடில் நாலாவது ஆள் குறைகிறது என்றதும் ஒரே நொடியில் எடுத்துக்கொண்டான். யார் என்று பார்க்கக்கூட இல்லை. விமானத்தில் ஏறிய பிறகுதான் “தம்பி, சாப்டியா?” என்றேன். அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமே இல்லை. அதிர்ச்சியில் அவன் குதிக்க மறந்து, எங்களையெல்லாம் தீவின் கோடியில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டது விமானம்.

தங்கை பிள்ளைதான் எனக்குக் குரு. சோழர்கள் பாடத்தில் ஒரு வருஷம் கேட்டால் மின்விசிறியைப் பார்க்கிறவன், இந்த விளையாட்டின் வரலாற்றை மட்டும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். பிரெண்டன் கிரீன் என்று ஒரு அயர்லாந்துக்காரர். 2000இல் வந்த ‘பேட்டில் ராயல்’ என்ற ஜப்பானியப் படம் அவரைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தீவில் விட்டு ஒருத்தர் மிஞ்சுகிறவரை அடித்துக்கொள்ளச் சொல்கிற படமாம். அடுத்தவர்கள் செய்த விளையாட்டுகளில் கைவைத்து மாற்றிக்கொண்டிருந்த மனுஷர், 2017இல் ஒரு கொரியக் கம்பெனியோடு சேர்ந்து பப்ஜியைக் கொண்டுவந்தார். 2018இல் அது போனுக்கு வந்தது. 2020 செப்டம்பரில் 118 செயலிகளைத் தடை செய்தபோது இதுவும் போனது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தது, அடுத்த ஜூலையில் மறுபடி காணாமல் போனது, 2023 மே மாதம் மறுபடி வந்தது. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மாகூட இத்தனை தடவை நின்று திரும்பி வந்ததில்லை.

அந்த முதல் தீவின் பெயர் எரங்கல். எட்டு கிலோமீட்டருக்கு எட்டு கிலோமீட்டர். கிரீன் தன் மகள் எரின் பெயரை வைத்துத்தான் அந்தப் பெயரை உண்டாக்கினாராம். மகள் பெயரில் கல்யாண மண்டபம் கட்டினவர்களை எனக்குத் தெரியும், அரிசி ஆலை வைத்தவர்களைத் தெரியும். நூறு பேர் அடித்துக்கொண்டு சாகிறதற்கு ஒரு தீவைப் பண்ணி அதற்கு மகள் பெயர் வைத்த தகப்பனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

2023இல் திரும்பி வந்தபோது ஒரு கட்டுப்பாடும் சேர்ந்து வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு. “உங்களுக்கு ஆறு மணி நேரம் பெரியம்மா!” என்று தங்கை பிள்ளை பொறாமையில் பொருமினான். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கென்று தினமும் ஆறு மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தது இந்த விளையாட்டு ஒன்றுதான்.

முதல் சில நாள் நான் வேலு நாச்சியாராக இருந்தேன். எதிரில் வருகிறவன் எல்லாம் பொத்து பொத்தென்று விழுந்தான். நான் குறி வைக்கிறவரை மரியாதையாக நின்றான், சுட்டாலும் என் தலைக்கு மேலே மரத்தைச் சுட்டான். எனக்கு உள்ளூர ஒரு திறமை தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது, குடும்பம் அதை எழுப்பவில்லை என்று முடிவு செய்து, எதிர்வீட்டு டீச்சரிடம் சொல்லியும் வைத்தேன். பிறகு தங்கை பிள்ளை ஒருநாள் பரிதாபத்தோடு விளக்கினான். “கீழ் லெவல்ல வர்றவங்கல்லாம் முக்காவாசி பாட் பெரியம்மா. கம்ப்யூட்டர் ஆடுறது. அவங்க மனுஷங்களே இல்ல.” புதிதாக வருகிறவர்கள் மனம் விட்டுப்போகாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடாம். மேலே ஏற ஏற மனுஷர்கள் வருவார்கள் என்றான். வந்தார்கள். அதற்கப்புறம் நான் யாரையும் சுட்டதாக நினைவில்லை.

சுடத் தெரியாதவளுக்கு ஒரே வழி, சாகாமல் இருப்பது. அதிலும் முதல் கண்டம் குதிப்பதிலேயே இருக்கிறது. தலைகீழாகப் பாய்ந்தால் மணிக்கு 234 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கலாம். முதலில் தரையைத் தொடுகிறவன் கையில்தான் முதல் துப்பாக்கி. நான் என்ன செய்வேன் என்றால், பயத்தில் குதித்தவுடனே பாராசூட்டை விரித்துவிடுவேன். அப்புறம் மேலே தொங்கிக்கொண்டு ஊரைப் பார்த்தபடி, காற்றாட, மெதுவாக வந்து சேர்வேன். அதற்குள் கீழே இருப்பவன் துப்பாக்கி எடுத்து, குண்டு போட்டு, எனக்காகக் காத்திருந்து, அலுத்தும் போயிருப்பான்.

தீவின் நடுவில் பொச்சிங்கி என்று ஒரு ஊர். வீடுகள் நெருக்கமாக இருக்கும், சாமானும் நிறைய, அதனால் கூட்டமும் நிறைய. பையனுக்கு அங்கேதான் குதிக்க வேண்டும். ‘ஹாட் ட்ராப்’ என்பான். எனக்கு வடமேற்கு மூலையில் இருக்கிற ஜார்க்கி பிடிக்கும். நாலு வீடு, மனுஷ நடமாட்டம் இல்லை, கடல் காற்று. ஓய்வுக்கு அப்புறம் அங்கே ஒரு கிரவுண்டு வாங்கிப் போடலாம் என்றுகூடத் தோன்றும். அங்கிருந்து ஆட்டம் நடக்கிற இடத்துக்கு ஓடி வருவதற்குள் மூச்சு போய்விடும் என்பதுதான் குறை. பையன் சொல்வான், “அம்மா, நாம சண்டை போட வந்திருக்கோம்.” நீ வந்திருப்பேடா, நான் உன்னைப் பார்க்க வந்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் பிள்ளைகள் என்னிடம் தோற்றார்கள். கதவு. ஆட்டம் ஆரம்பிக்கும்போது தீவில் இருக்கிற எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்கும். ஒரு கதவு திறந்திருந்தால் உள்ளே ஆள் புகுந்திருக்கிறான் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இந்தப் பிள்ளைகள் நம் வீட்டில் எப்படியோ அங்கேயும் அப்படித்தான், ஆளுக்கொரு கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடும். நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருவேன். நான் சாத்திய வீட்டைத் தாண்டி ஒரு கும்பல் உள்ளே பார்க்காமலேயே போனபோது, “பெரியம்மா செம ஐக்யூ!” என்றான் தங்கை பிள்ளை. புத்தி எல்லாம் ஒன்றும் இல்லை. பழக்க தோஷம். விளக்கை அணைக்க சுவிட்சுகூடத் தேடினேன்.

சாமான் சேர்ப்பது அடுத்த கூத்து. வீடு வீடாகப் புகுந்து, கிடப்பதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நான் எதையும் விட மாட்டேன். கையில் இருப்பது எம்416. அதற்குப் போடுவது 5.56 குண்டு. பையில் இருப்பதோ ஏகேஎம்முக்குப் போடுகிற 7.62. “அது நம்ம துப்பாக்கிக்குச் சேராதும்மா, கீழ போடு” என்பான் பையன். நல்ல குண்டை எப்படிப் போடுவது? யாருக்காவது ஆகும். பேண்டேஜ் கட்டுக் கட்டாக வைத்திருப்பேன். ஒரு பேண்டேஜுக்குப் பத்துப் புள்ளி உயிர்தான் ஏறும், அதுவும் 75 வரைக்கும்தான். முதலுதவிப் பெட்டியும் அதே 75க்குக் கொண்டுவந்து நிறுத்தும். நூறுக்குப் போக மெட்கிட் வேண்டும், இல்லாவிட்டால் எனர்ஜி டிரிங்க் குடித்துவிட்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு, மெல்ல மெல்ல ஏறுகிறதா என்று காத்திருக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேலே இதை எனக்கு யாரும் விளையாட்டு வைத்து விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வாணலி ஒன்று இருக்கிறது பாருங்கள், அதற்கு நான் அடிமை. கைப்பிடி போட்ட சாதாரண வறுக்கிற சட்டிதான். பின்பக்கம் இடுப்பில் மாட்டிக்கொண்டால் துப்பாக்கிக் குண்டு பட்டு டங்கென்று தெறித்துவிடும், நமக்கு ஒன்றும் ஆகாது. நான் ஆடித் தள்ளுபடியில் வாங்கிய நான்ஸ்டிக் தவா எவர்சில்வர் கரண்டிக்கே தோல் உரிந்து கிடக்கிறது. இந்தச் சட்டி எந்தக் கடையில் கிடைக்கிறது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஒரே சங்கடம், அது காப்பாற்றுவது அந்தச் சட்டி மறைக்கிற இடத்தை மட்டும்தான். எதிராளிகள் என் விஷயத்தில் அந்த இடம் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுடுவார்கள்.

இப்போது புல் கதைக்கு வருகிறேன். ஒளிந்துகொள்வதில் எனக்கு இயற்கையாகவே ஒரு கைப்பழக்கம் உண்டு. சீட்டுப் பணம் கேட்டு வருகிற அம்மாள் தெருமுனையில் திரும்பும்போதே நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். ஆகவே எரங்கலில் இடுப்பளவு புல்லைப் பார்த்ததும் இது நம் இடம் என்று தோன்றிவிட்டது. படுத்தேன். என்னைச் சுற்றிப் பச்சைப்பசேல் என்று புல். என் கையே எனக்குத் தெரியவில்லை. எதிராளி எங்கே பார்க்கப்போகிறான்! நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடித்தேன். டப். முடிந்தது. அடுத்த ஆட்டம், இன்னும் அடர்த்தியான புல். டப். அதற்கடுத்து இலைதழை நிறத்திலேயே சட்டையும் தேடிப் போட்டுக்கொண்டு படுத்தேன். டப்.

தங்கை பிள்ளை சிரித்து முடிக்கிறவரை காத்திருந்து காரணம் கேட்டேன். புல் கிட்டே இருக்கிறவனுக்குத்தான் தெரியுமாம். போன் திணறக்கூடாது என்று தூரத்துப் புல்லை விளையாட்டு வரைவதே இல்லையாம். மலை மேலே எட்டு எக்ஸ் ஸ்கோப்பை வைத்துக்கொண்டு பார்க்கிறவனுக்கு வெறும் வழுக்கைத் தரை, அதன் நடுவில் சட்டியை மாட்டிக்கொண்டு குப்புறக் கிடக்கிற ஒரு பெண்மணி. நான் மறைந்திருப்பதாக இந்தத் தீவில் நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். மறைய வேண்டுமானால் கல், மரம், மேடு என்று கெட்டியான எதன் பின்னாலாவது போக வேண்டும். அதிலும் மரத்துக்கு எந்தப் பக்கம் பின்பக்கம் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

அடுத்தது சோன். நீல வளையம் ஒன்று தீவைச் சுற்றிச் சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு வெளியே மாட்டினால் உயிர் கரையும். ஆரம்பத்தில் மெல்லக் கரையும், போகப்போக நாலு எட்டு வைப்பதற்குள் ஆளை முடித்துவிடும். “சோன் வருது, கிளம்புங்க” என்று பிள்ளைகள் ஜீப்பில் ஏறி ஹாரன் அடிப்பார்கள். நான் எந்த ஊருக்கு என்றைக்குச் சொன்ன நேரத்தில் கிளம்பியிருக்கிறேன்? மாடியில் ஒரு அறை பார்க்கவில்லை, அதில் ஒரு முதலுதவிப் பெட்டி இருந்தால் என்ன செய்வது? ஜீப் போய்விடும். நீலச் சுவருக்கு முன்னால் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு தன்னந்தனியாக நான் ஓடி வருவேன். வேடிக்கை என்னவென்றால், பெரிய ஆட்டக்காரர்களில் பலபேர் தெரிந்தே இப்படித்தான் வளையத்தின் ஓரமாகவே வருவார்களாம். முதுகுப்பக்கம் சோன் இருந்தால் அந்தப் பக்கமிருந்து ஆள் வர மாட்டான், முன்பக்கம் மட்டும் பார்த்தால் போதும். நடுவில் போய் நின்றால் நாலு பக்கமும் அடி. அதைக் கேட்டதிலிருந்து நான் தாமதமாகக் கிளம்புவதில்லை, ஓரத்தைப் பிடிக்கிறேன்.

காதும் முக்கியம். காலடிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்பதை வைத்துத்தான் உயிர். சின்ன வரைபடத்தில் காலடிக் குறியே விழும். நான் அதையெல்லாம் கற்றுக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் போனது, என் சத்தமும் அவர்களுக்குக் கேட்கும் என்பது. மைக்கில் இரண்டு வகை இருக்கிறதாம், நம் ஆட்களுக்கு மட்டும் கேட்பது ஒன்று, பக்கத்தில் இருக்கிற எல்லோருக்கும் கேட்பது இன்னொன்று. என் விரல் பட்டு அது எப்போது எல்லோருக்கும் என்று மாறியதோ தெரியாது. ஒரு மாடி வீட்டில் கதவெல்லாம் சாத்திக்கொண்டு, மூலையில் குத்துக்காலிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. உள்ளிருந்து இவர் “பருப்புக்கு எத்தனை விசிலு?” என்று கேட்டார். கீழே காலடிச் சத்தம் நின்றது. யாரோ ஒரு பையன் குரல், ரொம்பப் பவ்யமாக, “ஆன்ட்டி, குக்கர் பந்த் கர் தோ” என்றது. இந்தி தெரியாவிட்டாலும் குக்கர் புரிந்தது. யார் பெற்ற பிள்ளையோ, எவ்வளவு அக்கறை என்று எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் நான் செத்துப் பெட்டியாகிக் கிடந்தேன். என் பேண்டேஜை எல்லாம் அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. அடிபட்டவுடனே செத்துவிட மாட்டோம். முழங்காலில் தவழ்ந்துகொண்டு கிடப்போம். கூட்டாளி ஒருத்தர் பக்கத்தில் வந்து பத்து நொடி உட்கார்ந்து எழுப்பிவிட்டால் பிழைத்துவிடலாம். அந்தப் பத்து நொடியும் எழுப்புகிறவன் நகர முடியாது, சுட முடியாது. என் பையன் எவ்வளவு சண்டை நடந்தாலும் ஓடி வருவான். அங்கே பிடித்துக்கொள்வேன். “தம்பி, ஜுரம் விட்டுதா?” “விட்டுதும்மா, அசையாத.” “ராத்திரி என்ன சாப்ட?” “மேகி.” “நேத்தும் அதானே?” “அம்மா, சுடுறாங்க!” “மன்னார்குடிலேருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கு, போட்டோ அனுப்பவா?” அதற்குள் பத்து நொடி ஆகிவிடும், எழுந்து ஓடிவிடுவான். போனில் மாதக்கணக்கில் வாங்க முடியாத பதிலை எல்லாம் நான் இப்படித் தவழ்ந்து தவழ்ந்து வாங்கியிருக்கிறேன். நடுவில் சில நாள் கேட்க நிறைய இருந்ததால், வேண்டுமென்றே வெட்டவெளியில் போய் நின்றேன் என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு இது தெரியாது. அம்மாவுக்கு ஆட்டம் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். அதுவும் உண்மைதான்.

பிளாட்டினம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இங்கே எத்தனை பேரை முடித்தோம் என்பதைவிட எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தோம் என்பதற்குத்தான் புள்ளி அதிகம் சேருகிறது. பிள்ளைகள் பொச்சிங்கியில் குதித்து, வீரம் காட்டி, ஐந்தே நிமிஷத்தில் வெளியே போவார்கள். நான் ஏதோ ஒரு குளியலறையில் உட்கார்ந்திருப்பேன். இந்த மாதிரி ஆளுக்கு ‘கேம்பர்’ என்று பேர், திட்டுகிற வார்த்தையாகத்தான் சொல்வார்கள். தங்கை பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்னைச் சொந்தம் என்று சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டான்.

அப்புறம் போன மாதம் அது நடந்தது. என்னைத் தவிர ஸ்குவாடில் எல்லோரும் போய்விட்டார்கள். செத்தவர்கள் சும்மா போக மாட்டார்கள், என் திரையைப் பார்த்துக்கொண்டு யோசனை சொல்வார்கள். “வலது பக்கம்!” “எழுந்துக்காதீங்க!” “ஸ்மோக் போடு!” ஸ்மோக் போடப்போய் அவசரத்தில் எனர்ஜி டிரிங்கை எடுத்துக் குடித்துவிட்டேன். எதிராளி ஒருத்தன்தான் பாக்கி. எங்கள் ஆட்களோடு போட்ட சண்டையில் அவனும் நல்ல அடி வாங்கியிருந்தான், நான் எந்தக் கல்லுக்குப் பின்னால் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை. வளையம் சுருங்கிச் சுருங்கி இரண்டு பேரையும் வெளியே தள்ளியது. அவனிடம் மருந்து தீர்ந்திருக்க வேண்டும். என்னிடம் ஒரு ஆஸ்பத்திரியே இருந்தது. மெட்கிட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“பெரியம்மா! சிக்கன் டின்னர்! சிக்கன் டின்னர்!” என்று தங்கை பிள்ளை அலறினான். ஜெயித்தால் திரையில் அப்படித்தான் எழுத்து வரும். பையன் புனேயிலிருந்து கத்தியதில் அவன் பக்கத்து அறைக்காரன் வந்து கதவைத் தட்டினான். நான் முடித்த ஆட்கள் எண்ணிக்கை பூஜ்யம், ஒரு குண்டுகூடச் செலவில்லை, வாணலியில் கீறல் இல்லை. சந்தோஷத்தில் ஸ்பீக்கரை அணைக்க மறந்துபோனேன்.

கூடத்தில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்தார். “என்னடி அது, சிக்கனு?”

அன்றைக்குப் புரட்டாசி சனிக்கிழமை. இது கணக்கில் வராது, போனுக்குள்ளே நடந்தது, யாரும் வாயில் வைக்கவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். என் கணவரைத் துணைக்குக் கூப்பிட்டேன், அவர் எப்போதோ கொல்லைப்பக்கம் போயிருந்தார். கடைசியில் ஜெயித்தவளைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். போனையும் ஈரத்துணி வைத்துத் துடைத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.